ஏறினார், இறங்கினாரா?

லக்ஷ்மிநாராயணன் தன் செல்போனை மேஜைமேல் தள்ளிய தோரணையைப் பார்த்தால், கேஸ் முடிந்து, குற்றவாளி உள்ளே போய், அவருக்குப் பாராட்டு விழாவும் நடந்து முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"பாருங்க மேடம். கண்ணால பாருங்க. அப்புறம் பேசுவோம்."

மேடம் என்றது ஜெரூஷாவை. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள். பக்கத்து நாற்காலியில் காலேப். முன்னாள் கால் டாக்ஸி டிரைவர். இப்போது அவளுக்கு டிரைவர், உதவியாளன், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் அவன்தான். வேலை மாறினாலும் வாய் மட்டும் மாறவில்லை.

மேடவாக்கத்தில், 'நிழற்குடை இன்சூரன்ஸ்' கம்பெனியின் ஏ.சி. அறை. லக்ஷ்மிநாராயணன் அங்கே க்ளெய்ம் மேனேஜர். போனில் வீடியோ ஓடியது. ஏதோ ஒரு ஜெபக்கூடம். கீபோர்டு அலறுகிறது, ட்ரம்ஸ் அதிர்கிறது. கூட்டத்திலிருந்து வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து வந்தார். மேடைப் படிகளில் முன்னால் சாய்ந்தபடி ஏறினார். ஏறுகிறபோது ஒரு கை ஸ்பீக்கர் பெட்டிமேல் பட்டு எடுத்தது. மைக்கைப் பிடித்து, "ஸ்தோத்திரம்! கர்த்தர் என்னை எழும்பி நடக்க வெச்சார்!" என்றார். கூட்டம் கைதட்டியது. வீடியோ அத்தோடு நின்றது.

"இவர்தான் அசரியா," என்றார் லக்ஷ்மிநாராயணன். "லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழியில விழுந்து தொடை எலும்பு போச்சு, நரம்பு போச்சு, படி ஏறவே முடியாதுன்னு எங்ககிட்ட மாசாமாசம் டிஸெபிலிட்டி பணம் வாங்கறார். இப்ப பார்த்தீங்கல்ல? ஏர்றார். துள்ளிக்கிட்டு ஏர்றார்."

"துள்ளலை சார்," என்றாள் ஜெரூஷா.

"ஏறினாரா இல்லையா?"

"ஏறினார்."

"அவ்ளோதான் எனக்கு வேணும்."

காலேப் தொண்டையைக் கனைத்தான். "சார், கை தட்னாங்களே, அவங்க மேலயும் கேஸு உண்டா?"

லக்ஷ்மிநாராயணன் அவனை ஒரு தடவை பார்த்தார். பதில் சொல்லுகிற அளவுக்கு அவன் முக்கியமில்லை என்று முடிவு பண்ணி, ஜெரூஷா பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்க டாக்டர் அவரை எப்படி அளந்தார்?" என்று கேட்டாள் அவள்.

"முறைப்படிதான். படுக்க வெச்சு, முட்டி எவ்வளவு மடங்குதுன்னு கோணமானி வெச்சுப் பார்ப்பாங்க. டாக்டர் கையால அமுக்குவார், அவர் காலால தள்ளணும். அப்புறம் வராந்தாவுல ஒரு நடை. கடைசியா படி. தானா ஏறினா ஒரு மார்க், பிடிச்சுக்கிட்டு ஏறினா வேற மார்க், ஏற முடியலைன்னா இன்னொரு மார்க். இவருக்கு முட்டியெல்லாம் பிரமாதமா மடங்குது. அந்தப் படிதான் காப்பாத்திச்சு. ஏற பயமா இருக்கு, முடியாதுன்னு உட்கார்ந்துட்டார். பாவம்னு நம்பினோம். இப்ப பாவமும் இல்லை, ஒண்ணும் இல்லை."

"இறங்குறதுக்கு எவ்வளவு மார்க்?"

"இறங்குறதுக்கா?" லக்ஷ்மிநாராயணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏறத் தெரிஞ்சவனுக்கு இறங்கத் தெரியாதா மேடம்? அதுக்கு எதுக்கு ஃபாரத்துல தனியா ஒரு பத்தி?"

ஜெரூஷா சிரிக்கவில்லை. வீடியோவை மறுபடி ஓட விட்டாள்.

"எனக்கு ஆகவேண்டியது ரொம்பச் சின்ன வேலை," என்றார் அவர். "நேர்ல விசாரிச்சோம், ஆள் நல்லா இருக்கார்னு நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒரு ரிப்போர்ட். அதோட பணம் நிக்கும். திங்கட்கிழமை அவரோட கம்பெனி டியூட்டிக்குக் கூப்பிடும். வந்து லிஃப்ட் குழியில இறங்கி வேலை பார்க்கட்டும். வரலைன்னா வேலை காலி. நமக்கென்ன?"

"வீடியோ யார் அனுப்பினது?"

லக்ஷ்மிநாராயணன் குரலைத் தாழ்த்தினார். அறையில் அவர்கள் மூவரைத் தவிர ஏ.சி.தான் இருந்தது. "சோர்ஸ். பேர் தெரியாது. நானும் கேட்கறதில்லை. இந்த மாதிரி ஆளுங்களைத் தொந்தரவு பண்ணினா தகவல் வர்றது நின்னுடும். இந்த ஆள் அந்தக் குடும்பத்துக்கு ரொம்ப நெருக்கம். அது மட்டும் தெரியுது."

அசரியா வீட்டுக்குப் போகிற வழியில், செம்பாக்கத்துக்கு முன்னால் ஒரு தண்ணி லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தது. காலேப் ஹாரன்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"இன்னா மேடம் யோசனை? கேஸு க்ளீனா கீது. ஆளு ஏறிட்டாரு, நாம எழுதிட்டா சோலி முடிஞ்சுது."

"திங்கட்கிழமை அந்த ஆள் குழியில இறங்கணும் காலேப். இறங்க முடியாத ஆளை நல்லா இருக்கார்னு நாம எழுதி அனுப்பிட்டு, அவர் மறுபடி விழுந்தா, தள்ளிவிட்டது யாரு?"

காலேப் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். "இத்த முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஜோக்கே அடிச்சிருக்க மாட்டேனே மேடம்."

"அடிப்பே."

"அடிப்பேன்தான். மெதுவா அடிச்சிருப்பேன்."

அசரியாவின் வீடு இரும்புலியூரில், ரயில் சத்தம் கேட்கிற ஒரு சந்துக்குள் இருந்தது. தரைத்தளம். மணி அடித்து, உள்ளே ஊன்றுகோல் சத்தம் கேட்டு, கதவு திறக்கிறவரைக்கும் காலேப் எதிர் வீட்டுக் கோலத்தையே இரண்டு தடவை ரசித்து முடித்துவிட்டான். கதவைத் திறந்தவர் வீடியோவில் பார்த்த அதே ஆள். நாற்பத்தைந்து இருக்கும். தோளும் கையும் இரும்பு மாதிரி. இடுப்புக்குக் கீழேதான் ஆளே வேறு யாரோ போல இருந்தார்.

"இன்சூரன்ஸ்ல இருந்தா?" என்றார். முகம் இறுகிவிட்டது. "உட்காருங்க."

உள்ளேயிருந்து வந்த அம்மாவுக்கு அப்படி எந்த இறுக்கமும் இல்லை. அசரியாவின் மாமியார் ரத்தினபாய். ரிடையர்டு டீச்சர். மகள் ஜெனி வேலைக்குப் போயிருக்கிறாள், ஆறு மணிக்குத்தான் வருவாள், அதுவரைக்கும் வீட்டு ராஜ்யம் தன்னுடையதுதான் என்பதை ஒரு தட்டு அச்சு முறுக்கோடு அறிவித்தாள்.

"எங்க மாப்பிள்ளையைப் பார்க்கவா வந்திருக்கீங்க? ஆபரேஷன் நேரத்துல பணம் சாங்ஷன் பண்ணின உங்க சாரை நாங்க மறக்கவே மாட்டோம். நல்ல நேரத்துல வந்தீங்க! சபை பூராவும் உபவாசம் இருந்து ஜெபிச்சோம். போன ஞாயிறு எழும்பி நடந்துட்டாரே! மேடையே ஏறிட்டார். கர்த்தர் சுகம் குடுத்தார்னு மைக்குல சாட்சி சொன்னார். நான் அழுதுட்டேன்."

"அத்தை, டீ போடுங்களேன்," என்றார் அசரியா அவசரமாக.

அவள் அடுப்படிக்குள் போனதும் ஜெரூஷா நேராக விஷயத்துக்கு வந்தாள். "கால் எப்படி இருக்கு?"

"எழுதிக்குங்க. நல்லா இருக்கு."

"முட்டி மடங்குதா?"

அசரியாவின் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. "மடங்குறதுல ஒரு குறையும் இல்லம்மா. கேட்காமலே மடங்கும்."

காலேப்புக்கு அந்த ஆளைச் சட்டென்று பிடித்துப்போய்விட்டது. தன் கட்சியில் ஒருத்தர் இருக்கிறார் என்று தோன்றியது.

"அப்ப இன்சூரன்ஸ்காரங்ககிட்ட அதைச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் ஜெரூஷா. "நாளைக்கு நான் ரிப்போர்ட் கொடுத்துட்டா, திங்கட்கிழமை உங்களைக் குழியில இறங்கச் சொல்லுவாங்க."

"தெரியும்." அவர் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக் குரலைக் குறைத்தார். "எனக்காக அத்தனை பேர் பட்டினி கிடந்தாங்க. எழும்புங்க பிரதர், எழும்புங்கன்னு கூப்பிட்டாங்க. எழுந்தேன். நாலு பேர் பின்னால இருந்து தைரியம் சொன்னாங்க, ஏறினேன். அந்த நேரத்துல எனக்கே நடந்துட்ட மாதிரிதான் இருந்துச்சு. சாட்சி சொல்லிட்டேன். இப்ப ஆபீஸ்ல போய் முடியாதுன்னு சொன்னா, நான் எந்த இடத்துல பொய் சொன்னவன்? கோவில்லயா, ஆபீஸ்லயா? சொன்ன சாட்சியை வாபஸ் வாங்குற வழக்கம் எங்ககிட்ட கிடையாதும்மா."

"மேடையில இருந்து எப்படி இறங்கினீங்க?"

ஒரு சாதாரணக் கேள்விதான். ஆனால் அசரியாவின் கை ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்ததைக் காலேப் பார்த்தான்.

"எல்லாரையும் மாதிரிதான்," என்றார் அவர். அதற்குள் டீ வந்துவிட்டது. அவர் முறுக்குத் தட்டைக் காலேப் பக்கம் நகர்த்தினார்.

விடைபெறும்போது ரத்தினபாய் காலேப்பைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி பேர் காலேப்பா? என்ன அருமையான பேர்! உங்க நம்பரைக் குடுங்க. தினமும் காலையில வசனம் அனுப்பறேன். நூத்துக்கணக்கான பேருக்கு அனுப்பறேன், ஒருத்தர்கூட வேணாம்னு சொன்னதில்லை."

காலேப்பும் சொல்லவில்லை. முறுக்கு வாயில் இருந்தது.

ஜெபக்கூடம் மேற்குத் தாம்பரத்தில், சண்முகம் ரோட்டுக் கூட்டத்தைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. பாஸ்டர் வெளியூர் போயிருந்தார். சாவி அன்பு என்கிற இளைஞனிடம் இருந்தது. மைக்கு, ஸ்பீக்கர், யூடியூப் லைவ் எல்லாம் அவன் பொறுப்பு. மேடையின் படிகளைக் காலேப் சுற்றிச் சுற்றி வந்தான். கைப்பிடி கிடையாது. ஏறுகிற பக்கம் ஸ்பீக்கர் பெட்டி ஒன்று இருந்தது. கையை ஊன்றலாம்.

"ஏர்றப்ப முட்டி மடங்கினா முன்னால விழுவோம், கையை ஊனிக்கலாம்," என்றாள் ஜெரூஷா, படியின் மேலே நின்று கீழே பார்த்தபடி. "இறங்கறப்ப மடங்கினா நேரா தரைதான்."

"அப்ப ஏறின மனுஷன் எப்டி இறங்கினாரு? ரெக்கை மொளைச்சுதா?"

"அதைத்தான் பார்க்கப் போறோம். அன்பு, போன ஞாயிறு ஆராதனை முழுசா இருக்கா?"

"கீதுக்கா. லைவ்ல போட்டது அப்டியே கீது. அந்தச் சாட்சி மட்டும் கட் பண்ணிக் குரூப்புல போட்டேன். செம வியூஸு."

லேப்டாப்பில் முழு வீடியோவை வேகமாக ஓட விட்டார்கள். அசரியா ஏறினார், சாட்சி சொன்னார், கூட்டம் கை தட்டியது. அடுத்தது பாட்டு. பாட்டு முடிந்து பாஸ்டர் முன்னால் வந்துவிட்டார். அசரியாவைக் காணோம்.

"நிறுத்து," என்றாள் ஜெரூஷா. "அங்கே. ட்ரம்ஸுக்குப் பின்னால."

ஒரு வெள்ளைச் சட்டைத் தோள் தெரிந்தது. அசரியா ஒரு காலி ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார்.

பிரசங்கம் ஓடியது, உட்கார்ந்திருந்தார். பிறந்தநாள்காரர்களும் கல்யாண நாள்காரர்களும் மேடைக்கு வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வரிசையாக இறங்கிப் போனார்கள், அவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பாட்டுக்கு யாரோ அவர் கையில் கஞ்சிராவைக் கொடுத்தார்கள். தட்டினார். தாளம் சரியாகவே இருந்தது.

"யோவ், நான் இன்னா நெனைச்சேன் தெரியுமா?" என்றான் அன்பு. "சொகமான சந்தோஷத்துல பிரதர் மேடைய வுட்டு வர மனசில்லாம குந்திகினு கீறாருன்னு நெனைச்சேன்!"

"எல்லாரும் அப்டித்தான் நெனைச்சிருப்பாங்க மச்சான்," என்றான் காலேப். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அடுத்த காட்சியில் சிரிப்பு நின்றுவிட்டது.

நீண்ட ஜெபம். கூட்டம் முழுக்க முழங்காலில், கண் மூடி. கேமரா அசையாமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் ஒரே ஒரு ஆள் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது படியை. தலையை மெல்ல ஆட்டி ஆட்டி, படியைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், மறுபடி படியைப் பார்த்தார். காலேப் கஞ்சிரா ஜோக் ஒன்று ரெடியாக வைத்திருந்தான், அதை அப்படியே விட்டுவிட்டான்.

ஆசீர்வாதம் கூறி ஆராதனை முடிந்தது. திரையில் 'நன்றி, மீண்டும் வருக' என்று ரோஜாப்பூ போட்ட ஒரு அட்டை வந்தது.

"அவ்ளோதான்க்கா," என்று அன்பு மூடப் போனான்.

"இரு. இந்த அட்டை எவ்வளவு நேரம் ஓடுது?"

"அது கெடக்கும்க்கா கொஞ்ச நேரம். சாப்பாட்டுக்குப் பந்தி போட்டாச்சுன்னு சொன்னாங்க, அட்டையப் போட்டுட்டு ஓடிட்டேன். பிரியாணி."

"மைக்கை அணைச்சியா?"

அன்பு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜெரூஷா சத்தத்தைக் கூட்டினாள். ரோஜாப்பூ அசையாமல் நின்றது. பின்னால் நாற்காலி இழுக்கிற சத்தம், பிள்ளைகள் ஓடுகிற சத்தம், "பிரியாணி தீர்ந்துடப் போகுது" என்று யாரோ. மெல்ல மெல்ல எல்லாம் அடங்கியது. அப்புறம் அசரியாவின் குரல்.

"பாஸ்டர், ஒரு நிமிஷம். எல்லாரும் போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க பிரதர். சாப்பிட வரலையா?"

"இறங்க முடியலை பாஸ்டர். கால் விட்டுடுது. கொஞ்சம் பிடிச்சு இறக்கி விடுங்க. எங்க அத்தைக்குத் தெரிய வேணாம். ரொம்பச் சந்தோஷமா இருக்காங்க."

அன்பு தலையில் கையை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டான். நானும் கூடத்தானே கைதட்டினேன் என்று முணுமுணுத்தான். உலகத்துக்கே ஒலிபரப்பான ரகசியம் அது. 'நன்றி' போட்டபிறகு ஒருத்தரும் பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை.

"மாட்டிக்கிச்சு மேடம்!" காலேப் எழுந்தே விட்டான். "இந்த ஆடியோவ அந்த லக்ஷ்மிநாராயணன் மூஞ்சில போட்டு..."

"போடமாட்டேன்."

"இன்னாது?"

"யாருக்கும் தெரிய வேணாம்னு அவர் கேட்டுக்கிட்ட விஷயம் காலேப். அதைத் திருட்டுத்தனமா நாம கேட்டதே தப்பு. அன்பு, இந்தக் கடைசிப் பகுதியை வெட்டி எடுத்துடு. முன்னால உட்கார்ந்திருக்கறது ஊருக்கே தெரியற மாதிரி நடந்தது, அதை மட்டும் சொல்லலாம்."

காலேப்புக்கு எரிச்சலாக வந்தது. கைக்கு எட்டிய கேஸ். அந்த நேரம் பார்த்து அவன் போன் டிங் என்றது. எடுத்துப் பார்த்தான். ரத்தினபாயிடமிருந்து ஒரு ரோஜாப்பூ, பக்கத்தில் ஒரு வசன எண். அடுத்த டிங். ஒரு வீடியோ. மேடை, வெள்ளைச் சட்டை, ஸ்தோத்திரம். கீழே ரத்தினபாய் எழுதியிருந்தாள்: 'எங்கள் அசரியாவின் சாட்சி. பார்த்து மகிழுங்கள். எல்லாருக்கும் அனுப்புங்கள்.'

காலேப் போனையே பார்த்தான். பிறகு ஜெரூஷாவைப் பார்த்தான்.

"மேடம், குடும்பத்துக்கு ரொம்ப நெருக்கமான சோர்ஸுன்னு சொன்னாரே அந்தாளு."

ஜெரூஷா போனை வாங்கிப் பார்த்தாள். உடனே லக்ஷ்மிநாராயணனைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், உங்க சோர்ஸ் நம்பர்ல இருந்து அந்த வீடியோவைத் தவிர வேற ஏதாவது வந்திருக்கா?"

"வரும்," என்றார் அவர் தயக்கமாக. "தினமும் காலையில. ஒரு பூ. பக்கத்துல ஏதோ ரெண்டு எண், நடுவுல புள்ளி வெச்சு."

"அதை என்னன்னு நினைச்சீங்க?"

"சங்கேதம்னு நினைச்சேன் மேடம். க்ளெய்ம் நம்பரா இருக்கும்னு ஸ்டாஃபை விட்டு ஃபைல் எல்லாம் தேடச் சொன்னேன்."

காலேப் சட்டைக் காலரை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். அன்பு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் முதுகு மட்டும் குலுங்கியது.

"அது வேதாகம வசன எண் சார். அனுப்பறது அசரியாவோட மாமியார். புகார் இல்லை. நீங்க ஆபரேஷன் நேரத்துல பணம் சாங்ஷன் பண்ணிக் கொடுத்தவர். உங்களுக்கும் சந்தோஷச் செய்தி தெரியட்டும்னு நன்றியோட அனுப்பியிருக்காங்க."

"யார் அனுப்பினா என்ன மேடம்?" லக்ஷ்மிநாராயணன் சமாளித்துக்கொண்டார். "ஏறினது ஏறினதுதானே?"

"ஏறினவர் ஆராதனை முடியறவரைக்கும் இறங்கலை சார். வீடியோவுல இருக்கு."

"மேடையில உட்கார ஆசையா இருந்திருக்கும். என் அட்டவணையில இறங்கறதுக்குப் பத்தியே இல்லைன்னு சொன்னேனே. படி ஏறுதல், தானாக. டிக். நான் என்ன பண்ண?"

"நேர்ல வந்து ஒரு தடவை பார்த்து டிக் போடுங்க. நீங்களே கண்ணால பார்த்தா நான் மறுபேச்சு இல்லாம கையெழுத்துப் போடறேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அவர் கிளம்பினார்.

லக்ஷ்மிநாராயணன் தண்ணி லாரிகளைத் திட்டிக்கொண்டே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. காலேப் அதற்குள் இரும்புலியூர் போய் அசரியாவைக் கூட்டி வந்திருந்தான். கூப்பிடாமலே ரத்தினபாயும் வண்டியில் ஏறிக்கொண்டாள். லக்ஷ்மிநாராயணனைப் பார்த்ததும் இரு கையும் கூப்பினாள்.

"இன்சூரன்ஸ் சார்! வசனம் எல்லாம் வருதா?"

"வருதும்மா," என்றார் அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. "ரோஜாப்பூ நல்லா இருக்கு."

"தொடங்கலாம்," என்றாள் ஜெரூஷா. "அசரியா சார், இவர் முன்னால ஒரு தடவை ஏறிக் காட்டுங்க."

அசரியா அவளைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். ரத்தினபாயின் முகம் பூரித்திருந்தது. ஊன்றுகோலைச் சாத்தி வைத்துவிட்டு, நல்ல காலை முதலில் வைத்து, ஸ்பீக்கர் பெட்டியில் கை ஊன்றி, முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போய் நிமிர்ந்து நின்றபோது நெற்றியெல்லாம் வியர்வை.

"பார்த்தாச்சு," என்று லக்ஷ்மிநாராயணன் காகிதத்தில் டிக் போட்டார். "நீங்களும் பார்த்தீங்கல்ல மேடம்? கையெழுத்து?"

"போட்டுடலாம். இறங்கறதைப் பார்க்க வேணாமா?"

"அதுக்குப் பத்தி இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி. அப்ப வேலை முடிஞ்சுது." ஜெரூஷா கைப்பையைத் தோளில் மாட்டினாள். "கையெழுத்தை வெளியில போட்டுக்கலாம். காலேப், வண்டியை எடு. அன்பு, ஃபேன் லைட்டெல்லாம் அணைச்சுட்டுப் பூட்டிடு. வாங்க சார் போகலாம்."

காலேப்புக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அடிப்பாவி மேடம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே, சாவியை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். அன்பு ஒரு ஃபேனை அணைத்தான்.

"அவர்?" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

"அவருக்கென்ன சார், ஃபிட். நீங்களே டிக் போட்டிருக்கீங்க."

மேடைமேலே இருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அசரியாதான். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நீங்க போங்க சார். எனக்கு இது பழக்கம்தான். போன ஞாயிறு பூரா இங்கதானே உட்கார்ந்திருந்தேன்."

"என்ன மாப்பிள்ளை சொல்றீங்க?" என்றாள் ரத்தினபாய்.

சிரிப்பு நின்றது. அவர் மேலேயே நின்று, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார்: "முடியலை அத்தை. ஏறிட்டேன். இறங்க முடியலை. அன்னிக்கும் முடியலை. பாஸ்டர்தான் பிடிச்சு இறக்கிவிட்டார். உங்ககிட்ட சொல்ல மனசு வரலை."

ரத்தினபாய் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு கோபம்தான் முதலில் வந்தது.

"அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா? நீங்க நடக்கலைன்னா நான் ஜெபிக்கறதை நிறுத்திடுவேனா? சோறு போடறதை நிறுத்திடுவேனா? ஊர் பூராவும் அனுப்பி வெச்சேனே, உங்களுக்கு நானே குழி தோண்டியிருக்கேனே ஐயா!" அவள் அழுதுகொண்டே மேடைப் பக்கம் நடந்தாள். ஜெரூஷா அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

அன்பு கடைசி விளக்கையும் அணைத்தான். மேடை இருட்டாகிவிட்டது.

"டேய், லைட்டைப் போடுடா!" லக்ஷ்மிநாராயணன் போட்ட சத்தத்தில் கூடமே அதிர்ந்தது. "மேலே ஒரு ஆள் நிக்கறது தெரியலை? பூட்டறானாம்! அவரால இறங்க முடியாதுன்னு..."

பாதியில் அவர் வாய் நின்றுவிட்டது.

விளக்கு வந்தது. ஜெரூஷா பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள். "அதை அப்படியே எழுதிடுங்க சார். பத்தி இல்லைன்னா என்ன, ஓரத்துல நிறைய இடம் இருக்கு."

லக்ஷ்மிநாராயணன் பேனாவைப் பார்த்தார். காகிதத்தைப் பார்த்தார். தான் போட்ட டிக்கை அடித்துவிட்டு, நாற்காலிமேல் வைத்து, ஓரத்தில் 'இறங்க முடியாது' என்று கோணலாக எழுதினார். எழுதி, கையெழுத்தும் போட்டு, தேதியும் போட்டார். அதைக் காலேப்பிடம் நீட்டிவிட்டு, யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடை ஏறினார்.

காலேப் உதவிக்குப் பாய்ந்தான். ஜெரூஷா அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு. அவரே இறக்கட்டும்."

அசரியா தன் கனத்த கையை லக்ஷ்மிநாராயணன் தோளில் போட்டார். முதல் படியில் கால் வைத்ததுமே முட்டி மடங்கியது. அத்தனை பாரமும் மேலே விழ, லக்ஷ்மிநாராயணன் ஒரு பக்கமாகச் சரிந்து, பல்லைக் கடித்து, இரண்டு கையாலும் அவரை இடுப்போடு கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. அதை எடுக்க அவரிடம் கை மிச்சமில்லை.

"விட்டுடாதீங்க சார்," என்றார் அசரியா.

"விடலை. என் மேலேயே சாயுங்க."

"ரொம்பக் கனக்கறேனா?"

"பேசாம இறங்குங்க அசரியா," என்றார் லக்ஷ்மிநாராயணன் மூச்சு வாங்க. "இன்னும் படி இருக்கு."